மனிபிளான்டும் இருக்கட்டும், பூனையும் இருக்கட்டும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கடை பேப்பரிலை வாசகர் கடிதம் வாற பக்கத்தை நான் விடாமப் படிக்கிறனான். றோட்டு, வாய்க்கால், குப்பை, கட்டாக்காலி மாடு எண்டு எல்லாம் வருது, வரத்தான் வேணும். வீட்டு விறாந்தைக்குள்ளை நடக்கிற ஒரு சின்ன விசயத்துக்கும் ஒருக்கா இடம் தாங்கோ எண்டு கேட்டுத்தான் இதை எழுதுறன். மனிபிளான்ட் வைச்சிருக்கிற வீட்டிலை பூனை வளக்கிறதைப் பற்றின விசயம். உதுக்குப் போய் ஒரு கடிதமோ எண்டு நினைக்கிற ஆக்கள் இருப்பினம், ஆனா இந்தச் சின்ன விசயம் விளங்காததாலை எங்கடை ஊரிலை பூனையள் பொல்லாலை அடி வாங்குது, உரப்பைக்குள்ளை கட்டி மீன் சந்தையடியிலை கொண்டுபோய் விடுபடுது, பிழையான கைமருந்தாலை செத்தும் போகுது. செடி செய்யிற கெடுதியை விட எங்கடை பயமும் அவசரமும் செய்யிற கெடுதி கூட.

இப்ப யாழ்ப்பாணத்திலை மனிபிளான்ட் இல்லாத வீடு குறைவு. டிவி வைச்ச மேசையிலை ஒரு போத்தல், குசினி யன்னலிலை ஒரு போத்தல், விறாந்தைத் தூணைச் சுத்தி ஒரு கொடி, கடையளிலை காசு வாங்கிற மேசைக்குப் பக்கத்திலையும் ஒண்டு நிக்கும். காசு வரும் எண்டு வைக்கிற ஆக்களும் இருக்கினம், வடிவுக்கு வைக்கிற ஆக்களும் இருக்கினம், எப்பிடியோ தண்ணி விட மறந்தாலும் சாகாது, ஒரு கணுவோடை முறிச்சுத் தண்ணிக்குள்ளை போட்டா வேர் விட்டிடும், அதாலை ஒரு வீட்டிலை இருந்து முறிச்சுக் குடுத்த துண்டு கொஞ்ச நாளையிலை ஒழுங்கை முழுக்கப் பரவியிடும். பசிபிக் கடலிலை தாகித்தித் தீவுக்குப் பக்கத்திலை கிடக்கிற ஒரு சின்னத் தீவுதான் இதின்ரை சொந்த ஊர், அங்கையிருந்து இஞ்சை வந்து எங்கடை மாமரத்திலையும் தென்னையிலையும் ஏறி நிக்குது. மரத்திலை ஏறினா இலை முறம் அளவுக்கு வரும், போத்தலுக்கை எண்டா கையளவுதான், ரெண்டும் ஒரே செடி.

அதேநேரம் நாங்கள் பூனை வளக்கிற விதமும் மாறிப்போச்சு. முந்தி எலிக்கும் பாம்புக்கும் காவலா வளவுக்குள்ளை திரியும், கோடிப்பக்கம் அடுப்புச் சாம்பலுக்கை படுத்துக் கிடக்கும், வயிறு சரியில்லையெண்டா வேலியோரம் போய் ரெண்டு புல்லைக் கடிச்சு சத்தி எடுத்துப்போட்டு வரும். இப்ப புது வீடுகள் கட்டி முற்றம் முழுக்கச் சீமெந்து போட்டு, கிடுகு வேலி இருந்த இடத்திலை மதில் எழும்பி, காசு குடுத்து வாங்கின பேர்சியன் பூனையை வெளியிலை விடப் பயந்து உள்ளுக்கையே வைச்சு வளக்கிறம். பூனை புல்லுக் கடிக்கிறது அதின்ரை பிறவிக்குணம். கடிக்க புல்லு இல்லாத வீட்டிலை கண்ணுக்கு முன்னாலை பச்சையா, காத்துக்கு ஆடிக்கொண்டு, வால் மாதிரித் தொங்குற ஒரே சாமான் அந்த மனிபிளான்ட் கொடிதான். குட்டிப் பூனையெண்டா கேக்கவே வேண்டாம், பல்லு முளைக்கிற நேரம் வயரையும் கடிக்கும் செருப்பையும் கடிக்கும், கொடியை விடுமோ.

எங்கடை ஒழுங்கையிலை அண்மையிலை நடந்த ஒரு சம்பவம்தான் என்னை இதை எழுத வைச்சது. ஒரு வீட்டிலை வளந்த இளம் பூனை ஒண்டு, காலமை நல்லாச் சாப்பிட்டுத் திரிஞ்சது, திடீரெண்டு வாயாலை வீணீர் வடியத் தொடங்கி, முன்னங்காலாலை வாயைப் பிராண்டிப் பிராண்டி, தலையை உதறிக்கொண்டு வெளியிலை ஓடியிருக்கு. கண்ட உடனை ஆரோ ஒராள் விசர்ப் பூனை எண்டு கத்த, பெடியள் பொல்லோடை வந்திட்டினம். அந்த வீட்டு அம்மா அழுதுகொண்டு குறுக்கை நிண்டு மறிச்சதாலைதான் அது தப்பினது. பேந்து பாத்தா ஹோலுக்கை டைல்ஸ் நிலத்திலை மனிபிளான்ட் இலை ரெண்டு கடிச்ச அடையாளத்தோடை கிடக்குது. கூடையாலை மூடி வைச்சு, மிருக வைத்தியருக்கு போன் எடுத்துக் கேட்டு, அவர் சொன்னபடி செய்ய பின்னேரத்துக்கிடையிலை வீணீர் நிண்டு, இரவு கொஞ்சம் மீனும் சாப்பிட்டது. அந்த அம்மா மறிக்காட்டி ஒரு இலையைக் கடிச்ச குற்றத்துக்கு அந்தச் சீவன் செத்திருக்கும்.

அந்த இலையிலை என்ன இருக்கு எண்டு எங்கடை ஆக்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்துறது சரியான லேசு, ஏனெண்டா கருணைக்கிழங்கு வெட்டின கைக்கு அது தெரியும். கருணை, சேம்பு, மனிபிளான்ட், அந்தூரியம், பெரிய புள்ளி இலையோடை சாடியிலை நிக்கிற டிஃபன்பாக்கியா, பீஸ் லில்லி, மொன்ஸ்டெரா, பிலோடென்ட்ரன், இதெல்லாம் ஒரே குடும்பம். இதுகளின்ரை தசைக்குள்ளை கல்சியம் ஒட்சலேற்று எண்ட உப்பு கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியாக் கட்டுக்கட்டாக் கிடக்கு. இலையைக் கடிச்சுச் சாறு வந்த உடனை அந்த ஊசியள் வெளியிலை பாஞ்சு நாக்கிலையும் முரசிலையும் தொண்டையிலையும் குத்தும். கருணைக்கிழங்குக்குப் புளி விட்டுக் காய்ச்சாட்டி தொண்டை அரிக்கிறதும் இதாலைதான். பூனைக்கு வாய் எரியும், நாக்கு வீங்கும், வீணீர் ஓடும், சில நேரம் சத்தி எடுக்கும், கொஞ்ச நேரம் சாப்பாட்டைக் கிட்ட எடுக்காது.

இதுக்குள்ளை ஒரு ஆறுதலும் கிடக்கு. முதல் கடியிலேயே நோகிறதாலை பெரும்பாலான பூனை அதோடை விட்டிடும், வயிறு நிறையத் தின்னாது. இந்த ஊசி உப்பு தண்ணியிலை கரையாதது, அதாலை இரத்தத்திலை கலந்து உடம்பு முழுக்கப் போற நஞ்சு மாதிரி வேலை செய்யிறேல்லை, குத்தின இடத்திலைதான் அதின்ரை சேட்டை. கடிச்ச கொஞ்ச நேரத்திலையே தொடங்கி, அநேகமா அண்டைக்கோ அடுத்த நாளோ தானாத் தணிஞ்சிடும். மனிபிளான்ட் தின்னு பூனை செத்தது எண்டு கேள்விப்படுறது மிச்சம் அரிது. தொண்டை வீங்கி மூச்செடுக்கக் கஷ்டப்படுறது எப்பவாவது நடக்கும், அதைத்தான் பாத்துக்கொண்டு இருக்க வேணும். டிஃபன்பாக்கியா இதே குணம்தான், ஆனா வேகம் கூட, அதின்ரை சாறு கண்ணிலை பட்டாலும் சரியா எரியும். சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டுக்காரரும் அதைக் கவனிச்சுக்கொள்ளுங்கோ.

இனி விசர் விசயத்துக்கு வாறன், இதிலை நான் சொல்லுறதை அரைகுறையா விளங்கிக்கொண்டு ஒருத்தரும் கையைக் காலைக் கடிபடக் குடுக்க வேண்டாம். இலங்கையிலை விசர்நோய் இன்னும் இருக்கு, பூனையாலையும் அது தொத்தும், வருத்தம் வெளியிலை தெரியத் தொடங்கினா மனிசனோ மிருகமோ தப்புறேல்லை. அதாலை வீணீர் வடியிற பூனையைக் கண்டு சனம் பயப்பிடுறதிலை பிழையில்லை. ஆனா பயந்த உடனை பொல்லைத் தூக்குறதுதான் பிழை. ஒரு கூடையாலை மூடுங்கோ, இல்லாட்டி ஒரு அறைக்குள்ளை விட்டுக் கதவைச் சாத்துங்கோ, பேந்து வீட்டுக்கை கடிச்ச இலை கிடக்கோ எண்டு பாருங்கோ. இலை கடிச்சதெண்டா திடீரெண்டு தொடங்கும், மணித்தியாலக் கணக்கிலை குறைஞ்சுகொண்டு போகும். விசர் எண்டா நாளுக்கு நாள் கூடிக்கொண்டுதான் போகும், குணம் மாறும், பழகின ஆளையே கடிக்க வரும் அல்லது இருட்டுக்கை போய் ஒளிக்கும், நடை தள்ளாடும். எண்டாலும் வெளியிலை நிண்டு பாத்து நாங்களே இது விசர் இல்லை எண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஊசி போடாத பூனை கடிச்சாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியிலை 15 நிமிசம் வடிவாக் கழுவிப்போட்டு நேரை பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ, மஞ்சள் பூசுறது, கோப்பித்தூள் வைக்கிறது ஒண்டும் வேண்டாம்.

இதுக்கு முதலே செய்ய வேண்டிய வேலை ஒண்டு கிடக்கு, பூனைக்கு விசர்த் தடுப்பூசி போட்டு வைக்கிறது. நாய்க்குப் போடுற சனம் பூனைக்கு எண்டு வந்தா ஏன் உதுக்கு எண்டு விட்டிடுது. மூண்டு மாதக் குட்டியானபிறகு போடத் தொடங்கி வருசா வருசம் போட்டு, அந்த அட்டையைப் பத்திரமா வைச்சிருந்தா, நாளைக்கு உங்கடை பூனை வீணீர் வடிச்சுக்கொண்டு ஒழுங்கையாலை ஓடினாலும் அயலட்டைக்கு எடுத்துக் காட்டலாம். அந்த அட்டை ஒரு பூனையின்ரை உயிரைக் காப்பாத்தும்.

கைமருந்து எண்டு வந்தா எங்கடை சனம் சும்மா இருக்காது. நஞ்சு தின்னிட்டுது எண்டு கேள்விப்பட்ட உடனை உப்புத்தண்ணி கரைச்சுப் பருக்கி சத்தி எடுக்க வைக்கப் பாப்பினம். தயவுசெய்து இதைச் செய்யாதையுங்கோ. ஏற்கெனவே குத்துப்பட்ட தொண்டையாலை அதே ஊசியளைத் திரும்ப ஒருக்கா மேலை கொண்டுவாற வேலை அது, உப்பு கூடினா அதுவே தனி நஞ்சு. பலவந்தமாப் பிடிச்சு வாய்க்குள்ளை தண்ணி ஊத்தினா அது சுவாசப்பைக்குள்ளை போய் நியூமோனியாவிலை கொண்டுபோய் விடும். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், தேசிக்காய்த் தண்ணி, வசம்பு உரைச்சது எல்லாத்துக்கும் இதே பதில்தான்.

எல்லாத்திலையும் மோசம் பனடோல். பூனைக்கு நோகுது போலை எண்டு இரக்கப்பட்டு அரைக் குளிசையைப் பாலிலை கரைச்சுக் குடுக்கிற நல்ல மனசுக்காரர் எங்கடை ஊரிலை கனபேர். ஐயா, பனடோலிலை இருக்கிற பரசிற்றமோலை உடைச்சு வெளியிலை அனுப்புற சக்தி பூனையின்ரை ஈரலுக்கு இல்லை, மனிசருக்கும் நாய்க்கும் இருக்கிற அளவிலை அதுக்கு அது படைக்கப்படேல்லை. இரத்தம் ஒட்சிசனைக் காவேலாமப் போய், முரசு சிவப்பு மாறி மண்ணிறமாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறிச் சாகும். ஒரேயொரு 500 மில்லிகிராம் குளிசை ஒரு பூனையைக் கொல்லக் காணும். மனிபிளான்ட் கடிச்ச பூனை சும்மா விட்டாலே சுகமாகியிருக்கும், பனடோல் குடுத்த பூனை வைத்தியம் பாத்தாலும் தப்புமோ எண்டு சொல்லேலாது. இதை மட்டும் ஒரு பெரிய பெட்டி போட்டு உங்கடை பேப்பரிலை போட்டாலே நான் இந்தக் கடிதம் எழுதினதுக்குப் பலன் கிடைச்ச மாதிரி.

அப்ப என்னதான் செய்யிறது எண்டா, செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வாயிலை இலைத் துண்டு நிண்டா பூனை விட்டா எடுத்துவிடுங்கோ, கடிக்க வந்தா விட்டிடுங்கோ. ஈரத்துணியாலை உதட்டையும் வாயோரத்தையும் மெதுவாத் துடைக்கலாம். குளிர்ந்த தண்ணி பக்கத்திலை வையுங்கோ, ஒரு தேக்கரண்டி பாலோ தயிரோ தானா நக்கினா நல்லது, அதிலை இருக்கிற கல்சியம் எரிவைக் கொஞ்சம் தணிக்கும், ஆனா கோப்பை கோப்பையா வேண்டாம், வளந்த பூனைக்குப் பால் கூடினா வயித்தாலை போகும். பேந்து இருட்டான அமைதியான ஒரு மூலையிலை விட்டுக் கவனிச்சுக்கொண்டிருங்கோ. மூச்செடுக்கக் கஷ்டப்பட்டா, நாக்கு வெளியிலை தள்ளுப்பட்டா, திரும்பத் திரும்ப சத்தி எடுத்தா, ஒரு நாளுக்கு மேலை ஒண்டும் சாப்பிடாட்டி உடனை மிருக வைத்தியரிட்டைக் கொண்டுபோங்கோ. பூனை ரெண்டு மூண்டு நாள் பட்டினி கிடந்தாலே ஈரலிலை கொழுப்பு ஏறி வேறை வருத்தம் வரும், அதுவும் கொழுத்த பூனைக்கு இன்னும் கெதியா வரும். போகேக்கை கடிச்ச செடியின்ரை ஒரு இலையைப் பையிலை போட்டுக்கொண்டு போங்கோ, இல்லாட்டி போனிலை ஒரு படம் எடுங்கோ. என்ன செடி எண்டு தெரிஞ்சாத்தான் வைத்தியருக்கு என்ன செய்யிறது எண்டு தெரியும். உரப்பைக்குள்ளை கட்டி மோட்டச்சைக்கிள் கைப்பிடியிலை கொழுவிக்கொண்டு போகாதையுங்கோ, மூச்சுக் கஷ்டம் உள்ள சீவன் வழியிலையே போயிடும். ஒரு கடகத்திலை துவாயைப் போட்டு வைச்சு மேலை ஒரு பழைய வலைத்துணியைக் கட்டினாக் காணும்.

வராமத் தடுக்கிறதுக்கு வாறன். உயரத்திலை வைச்சாச்சுத்தானே எண்டு கனபேர் நம்பியிருக்கினம். அலுமாரிக்கு மேலை வைச்ச சாடியிலை இருந்து கொடி அலுமாரிக் கதவடி வரைக்கும் தொங்கினா உயரத்திலை வைச்சு என்ன பலன், பூனை நிலத்திலை நிண்டே எட்டிப் பிடிக்கும். கொடியை வெட்டிக் கட்டையா வைச்சிருங்கோ, வெட்டின துண்டையும் பழுத்து விழுந்த இலையையும் உடனை கூட்டி அள்ளுங்கோ, காஞ்ச இலையிலையும் அந்த ஊசி அப்பிடியே இருக்கும். யன்னல் குந்து, கதிரை முதுகு, ஃபிரிஜ், டிவி மேசை இதெல்லாம் பூனைக்குப் படிக்கட்டுத்தான், அதாலை கூரை வளையிலை கொழுக்கி போட்டு, கிட்ட ஏறி நிக்க ஒண்டும் இல்லாத இடத்திலை தூக்குச் சாடியாக் கட்டினாத்தான் பாதுகாப்பு. எல்லாத்திலையும் லேசான வழி, பூனை போகாத ஒரு அறை இருந்தா அதுக்குள்ளை செடியை வைச்சுக் கதவைச் சாத்துறது. இல்லாட்டி மனிபிளான்டை வெளியிலை மதிலோரமா நட்டுவிடுங்கோ, அங்கை பூனைக்குக் கடிக்க வேறை ஆயிரம் இருக்கு.

போத்தலிலை தண்ணிக்குள்ளை வைக்கிற ஆக்களுக்கு இன்னொண்டு. அந்தத் தண்ணியைப் பூனை குடிக்கும், நுளம்பும் முட்டையிடும். ஐப்பசி கார்த்திகை மழையோடை இஞ்சை டெங்கு எழும்புற காலத்திலை சுகாதாரப் பரிசோதகர் வந்து சாடியையும் சிரட்டையையும் பாக்கேக்கை மேசையிலை நிக்கிற மனிபிளான்ட் போத்தல் கண்ணிலை படுறேல்லை. வாயை மெல்லிய துணியாலை இறுக்கிக் கட்டி, கிழமைக்கு ஒருக்கா போத்தலை உள்ளுக்கை தேச்சுக் கழுவித் தண்ணி மாத்தினா ரெண்டு பிரச்சினையும் ஒரே வேலையிலை முடிஞ்சிடும்.

செடியிலை மிளகாய்த்தூள் தூவுறது, பூச்சி உருண்டை போடுறது, யூக்கலிப்டஸ் எண்ணெய் தெளிக்கிறது எண்டு சில பேர் வழி சொல்லுவினம், கேளாதையுங்கோ. மிளகாய்த்தூள் கண்ணிலையும் மூக்கிலையும் போய் வதைக்கும், மற்ற ரெண்டும் மனிபிளான்டை விடப் பூனைக்குக் கூடாது. அதுக்குப் பதிலா பூனைக்கு எண்டு ஒரு சாடியிலை புல்லு வளருங்கோ. அறுகம்புல்லு ஒரு பிடி வேரோடை பிடுங்கி, களைநாசினி அடிக்காத இடத்திலை இருந்து, சாடியிலை ஊண்டிவிட்டாக் காணும், கோதுமை ஒரு கையளவு தூவினாலும் ஒரு கிழமையிலை பச்சை வந்திடும். தனக்கெண்டு புல்லு இருக்கிற பூனைக்கு உங்கடை கொடியிலை ஆசை குறையும். ஒரு நாளைக்கு ரெண்டு தரம், கொஞ்ச நேரம் ஒரு நூலையோ ஈர்க்கையோ ஆட்டி விளையாட்டுக் காட்டுங்கோ, அலுப்பிலைதான் பாதிப் பூனை இலை கடிக்கிறது. விளையாடி முடிய நூலை எடுத்து வைச்சிடுங்கோ, விழுங்கினா குடலைச் சுருட்டும்.

மனிபிளான்ட் லேசான நஞ்சு எண்டு இவ்வளவு சொன்னதுக்குக் காரணம், லேசில்லாத செடியளும் எங்கடை வளவுக்குள்ளையே நிக்குது, ரெண்டையும் ஒரே மாதிரிப் பாத்தா ஆபத்து. கலியாண வீட்டுப் பூங்கொத்துகளிலை இப்ப உண்மையான லில்லிப் பூ வருது, பெரிய வெள்ளையும் றோசாவும், நல்ல வாசம். அது பூனைக்கு யமன். இலை, பூ, மேலிலை ஒட்டின மகரந்தத்தூள், பூ வைச்ச தண்ணி எல்லாமே சிறுநீரகத்தைக் கெடுக்கும், முதல் நாள் சத்தி எடுத்திட்டுச் சும்மா இருக்கும், மூண்டு நாளைக்கிடையிலை மூத்திரம் நிண்டிடும். பூனை உள்ள வீட்டுக்கு அந்தப் பூவைக் கொண்டுவரவே வேண்டாம், தொட்டது தெரிஞ்சா அறிகுறி வரும்வரை பாத்துக்கொண்டிருக்காம அந்த நிமிசமே வைத்தியரிட்டை ஓடுங்கோ. பேரிலை லில்லி இருந்தாலும் பீஸ் லில்லி வேறை, அது மனிபிளான்டின்ரை சொந்தம், வாய் எரிவோடை நிண்டிடும். அலரியும், இப்ப எல்லா வீட்டு வாசலிலையும் சாடியிலை குண்டுக் கட்டையோடை நிக்கிற அடேனியமும் இருதயத்தைப் பிடிக்கிற நஞ்சு. மழைக்கு வேலியிலை பூக்கிற கார்த்திகைப் பூவின்ரை கிழங்கு மனிசரையே கொல்லும். சைக்கஸ் விதை ஈரலைக் கெடுக்கும். கத்தாழையும் மருளும் வயித்தைக் குழப்பும், அநேகமா அதோடை போயிடும். கடையளிலை லக்கி பம்பூ எண்டு விக்கிறது மூங்கிலே இல்லை, அதுவும் பூனைக்குக் கூடாது.

பூனையோடை பயமில்லாம வைக்கிற செடி வேணுமெண்டா அரிக்கா பாம், ஸ்பைடர் பிளான்ட், பொஸ்டன் பேர்ண், பெப்பரோமியா, ஆபிரிக்கன் வயலட், ஓர்கிட் எண்டு எத்தினையோ இருக்கு. இஞ்சத்தை வெக்கைக்கு எல்லாம் நிக்காது, முதல் ரெண்டும் நிக்கும்.

செடியைப் பற்றி எழுதினாலும் மனசுக்கை கிடக்கிற இன்னொண்டையும் சொல்லிப்போடுறன். மீன்குழம்புச் சோறு குழைச்சு வைக்கேக்கை அதுக்குள்ளை கிடக்கிற சின்ன வெங்காயத்தையும் உள்ளியையும் யோசியுங்கோ. எங்கடை மண்ணின்ரை பெருமை அந்த வெங்காயம், ஆனா பூனையின்ரை சிவப்பணுக்களை அது உடைச்சுப்போடும், ஒரு நாளிலை தெரியாது, தொடர்ந்து குடுக்கச் சோகை பிடிச்சு மெலியும். குழம்பு கூட்ட முதல் ரெண்டு துண்டு மீனைத் தனியா அவிச்சு எடுத்து வைச்சாப் போச்சு.

இனி நான் கேக்கிறது. பூங்கன்று விக்கிற ஆக்களிட்டை ஒரு வேண்டுகோள், நல்லூர்த் திருவிழாவுக்குக் கடை போடுறவையாயிருக்கட்டும், வருசம் முழுக்க விக்கிறவையாயிருக்கட்டும், சாடியிலை விலை எழுதி ஒட்டுற அந்தச் சின்னக் கடதாசியிலை செடியின்ரை பேரையும், பூனை நாய் கடிச்சாக் கூடாது எண்டு ஒரு வரியையும் சேத்து எழுதுங்கோ. வியாபாரம் குறையாது, வாங்கிற ஆள் எங்கை வைக்கலாம் எண்டு கேட்டு வாங்கிக்கொண்டு போவார். பிரதேச செயலகப் பிரிவுகளிலை இருக்கிற அரச மிருக வைத்தியப் பணிமனையளிலை மாடு ஆட்டு வருத்தங்களுக்கு ஒட்டியிருக்கிற படங்களுக்குப் பக்கத்திலை பூனைக்கும் ஒரு படம் ஒட்டலாம், எந்தச் செடி, எந்த மருந்து கூடாது எண்டு. நாட்டிலை மிருக வைத்தியம் படிப்பிக்கிற பீடம் பேராதனையிலை ஒண்டே ஒண்டுதான், அங்கை படிச்சு வாற வைத்தியர்மாரும் இஞ்சை மாட்டுக்கும் கோழிக்கும் ஓடித் திரியிறவை, சனி ஞாயிறிலையும் இரவிலையும் ஆரைப் பிடிக்கிறது எண்டு தெரியாம நிக்கிற வீட்டுக்காரர் கனபேர். அவசரத்துக்குக் கூப்பிடக்கூடிய வைத்தியர்மாரின்ரை விபரத்தை, அவையின்ரை சம்மதத்தோடை, மாதத்திலை ஒருக்கா உங்கடை பேப்பரிலை போடுவியளெண்டா பெரிய உதவி. மருந்துக்கடை விபரமும் மரண அறிவித்தலும் வாற பக்கத்திலை ஒரு நாலு வரி இடம் அதுக்கும் கிடைக்கும் எண்டு நம்புறன்.

செடி நஞ்சாம் எண்டு கேள்விப்பட்ட உடனை பூனையைக் கொண்டுபோய்ச் சந்தையிலை விடப் போற வீட்டுக்காரரும் இதைப் படிச்சா ஒரு நிமிசம் பொறுங்கோ. வீட்டுக்கை வளந்த பூனைக்குச் சந்தையிலை நாயிட்டையும் வாகனத்திட்டையும் தப்பத் தெரியாது. அந்த மனிபிளான்ட் போத்தலை எடுத்து வெளியிலை கிணத்தடியிலை வைக்கிறது ரெண்டு நிமிச வேலை.

இப்படிக்கு,
பூனையளோடை வாழுற ஒரு வாசகி,
கொக்குவில்.